இறங்காத காற்று

இரவு பத்தரை தாண்டியிருக்கும். ஒற்றைச் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. இரண்டு பக்கமும் முள்வேலி, அதற்கு அப்பால் எதுவுமே தெரியாத இருட்டு. சாலையோரம் ஒரு பழைய உயரமான கார் நின்றது. நேராக நிற்கவில்லை. பின்பக்கம் இடது மூலை மட்டும் தாழ்ந்து போய்க் கோணலாக நின்றது. அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருந்தான்...

அவன் எங்கள் ஆபீஸ் எலக்ட்ரீசியனின் மச்சான். அவர் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எலக்ட்ரீசியன் சாதாரணமாகவே நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். இல்லாததைச் சேர்த்துச் சொல்ல அவருக்குப் பொறுமையும் கிடையாது. ஆனால் மச்சானைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு மட்டும் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். இன்னும் நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்.

மச்சான் மெக்கானிக். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய வண்டிகளைப் பார்ப்பதில் கெட்டிக்காரன். அது என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, முழிக்கிற முழியிலேயே தெரிகிறது. மற்ற வண்டிகளில் இரும்பு தாங்குகிற இடத்தில் இதில் காற்றுப் பை இருக்கும். நாலு சக்கரத்துக்கும் நாலு பை. ஒரு கம்ப்ரஸர் அவற்றுக்குக் காற்று அடித்துக் கொடுக்கும். ஆள் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் தாழும். உடனே கம்ப்ரஸர் ட்ர்ர்ர்ர் என்று ஓடி, பைக்குக் காற்று ஏற்றி, வண்டியைச் சமமாக நிறுத்தும். ஆள் இறங்கினால் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும். ப்ஸ்ஸ்ஸ்... என்று காற்றை விட்டுவிட்டுப் பழைய உயரத்துக்கு வரும். அவ்வளவுதான் விஷயம். வண்டிக்குக் கண் கிடையாது. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று அதற்குத் தெரியாது. பாரம் மட்டும்தான் தெரியும்.

அந்த வாரம் ஒரு பல் டாக்டரின் வண்டி பட்டறைக்கு வந்திருந்தது. பழைய வண்டி, டாக்டரே இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கியது. கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது, பின் இடது மூலை தாழ்ந்து தாழ்ந்து போகிறது. டாக்டர் போனில் சொன்ன விதம்தான் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

"வண்டியில காத்து எறங்க மாட்டேங்குது தம்பி."

மெக்கானிக் சிரித்துவிட்டான். பல்லைப் பற்றி அவனுக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் வண்டியைப் பற்றி டாக்டருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

"எறங்குதுன்னு சொல்லுங்க டாக்டர். காத்து எறங்குது. எறங்கறதாலதான் கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கு."

"சரி தம்பி, அப்படியே வெச்சுக்குங்க. நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அவனும் பார்த்தான். கம்ப்ரஸரைக் கழற்றினான். உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தது, மாற்றினான். கம்ப்ரஸருக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே கருகியிருந்தது, அதையும் மாற்றினான். ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, பை, குழாய், இணைப்பு என்று ஒரு இடம் விடாமல் அடித்துப் பார்த்தான். காற்று கசிந்தால் அந்த இடத்தில் முட்டை முட்டையாக நுரை வரும். ஒரு முட்டைகூட வரவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மூலை திரும்பவும் கீழே. "உயரத்தைப் பாக்கற சென்சாரை மாத்திப் பாரு" என்றார் பட்டறை முதலாளி. மாற்றினான். சாயங்காலம் வரைக்கும் வண்டி சமத்தாக நின்றது.

இவ்வளவு செய்தவன் ஒன்றைச் செய்யவில்லை. மூலை தாழ்ந்திருக்கும்போது அந்தப் பையின் மேல் கையை வைத்து அமுக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பட்டறையிலேயே விஷயம் தெரிந்திருக்கும். சோப்புத் தண்ணீர் மேல் அவ்வளவு நம்பிக்கை. போதாததற்கு அவன் மனசும் அங்கே இல்லை.

மனசெல்லாம் மாமியார் வீட்டில் இருந்தது. மனைவி பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குப் போனவள், பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியும் திரும்பி வரவில்லை. காரணம் இவன்தான். அவளுக்கு வலி எடுத்த அன்று இவன் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான், போன் சட்டையோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை பிறந்த மறுநாள்தான் போய் எட்டிப் பார்த்தான். சரி, போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகாவது ஒழுங்காக இருந்தானா? கூப்பிட வருகிறேன் என்று நாள் சொல்லிவிட்டு இரண்டு தடவை போகவில்லை. இரண்டு தடவையும் அவள் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம்.

"இந்த வெள்ளிக்கிழமை வாங்க. புள்ளைய வெச்சுக்கிட்டு பைக்ல வர முடியாது, வண்டியோட வாங்க. வரலைன்னா இனிமே வரவே வேணாம்."

கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பான். அவள் நிதானமாகச் சொன்னாள். அன்றைக்கே வண்டி தேட ஆரம்பித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. வாடகை வண்டிக்காரர்கள் இரண்டு பேர் கையை விரித்துவிட்டார்கள். பட்டறையில் டாக்டரின் வண்டி சமமாக, பளபளவென்று நிற்கிறது. என்ன செய்வான்? ட்ரையல் எடுத்தான். ட்ரையல் என்றால் வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது. உங்கள் வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிறீர்களா? அது ட்ரையல் என்ற பெயரில் எத்தனை காய்கறிக் கடைக்கும் எத்தனை பள்ளிக்கூட வாசலுக்கும் போய் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தத் தொழிலில் அது ஒரு தப்பே இல்லை. இருந்தாலும் மரியாதைக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னான்.

"டாக்டர், வண்டி ஓகே. ராத்திரி ஒரு நீட்டு ட்ரையல் பாத்துடறேன்."

"தனியாத்தானே போறீங்க?"

"ஆமா டாக்டர்."

வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் பிரேக் எப்படி, ஸ்டியரிங் எப்படி என்று கேட்பார்கள். தனியாகவா போகிறாய் என்று யாராவது கேட்பார்களா? அப்போதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

போகும்போது பாதி வழி வரைக்கும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு, ஊரெல்லாம் தாண்டி இருட்டுச் சாலை வந்ததும்... ட்ர்ர்ர்ர்ர். காலுக்கு அடியில் கம்ப்ரஸர். ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது. அதோடு ஒரு வாசனை. பால் புளித்துப் போன வாசனை. டாக்டரின் குழந்தைகள் எப்போதோ கொட்டியிருக்கும் என்று நினைத்து ஜன்னலை இறக்கிவிட்டான். காற்று பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. வாசனை மட்டும் போகவில்லை.

மாமியார் வீட்டு வாசலில் வண்டியின் விளக்கைப் பார்த்ததும் மனைவி குழந்தையோடு வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"வந்துட்டீங்களே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டயரை உதைத்துப் பார்த்தான். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் துணிப்பையை அவரே தூக்கி வந்து பின் சீட்டில் வைத்தார். மெக்கானிக்குக்கு அதுவே பெரிய மரியாதை.

அவள் குழந்தையோடு அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு இடது பக்கம் சீட்டில் துணிப்பை.

கிளம்பின கொஞ்ச நேரத்துக்கு நன்றாகத்தான் போனது. அவள் குழந்தையின் தூக்கம், சளி, தடுப்பூசி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் ம்... ம்... என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். மூன்று மாதத்துக்கு மேல் அவன் ஒண்டியாகக் கிடந்த வீட்டில் இன்றைக்கு மூன்று பேர் தூங்கப்போகிறோம் என்ற நினைப்பே அவனுக்குப் போதுமாக இருந்தது. அப்போதுதான்... ட்ர்ர்ர்ர்ர்.

"என்ன சத்தம்?"

"கம்ப்ரஸர். காத்து ஏத்துது."

"பால் புளிச்ச வாசனை வருதே... கக்கிட்டாளா?" என்று அவள் குழந்தையின் வாயைத் துடைத்துப் பார்த்தாள். சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இல்லையே. காஞ்சுதான் இருக்கு."

அவன் ஜன்னலை இறக்கிவிட்டான். குழந்தையே இல்லாத வண்டியில், தனியாக வரும்போதே அந்த வாசனை அடித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது.

இன்னும் கொஞ்ச தூரம். அவள் திரும்பவும் பேசினாள், தூக்கக் கலக்கத்தில்.

"இந்த சீட்டு என்ன, இப்படிப் பள்ளமா இருக்கு? பைய இழுத்து வெச்சா வெச்ச இடத்துல நிக்காம அந்தப் பக்கமே சரியுது."

சாலையில் வளைவு எதுவும் இல்லை. நேர் சாலை. கண்ணாடியில் அவன் பின் சீட்டைப் பார்த்தான். அவளும் குழந்தையும் தெரிந்தார்கள். பக்கத்தில் துணிப்பை மெதுவாக... மெதுவாக... அவளை விட்டு இடது பக்கம் சரிந்துகொண்டிருந்தது. அங்கே வேறு எதுவும் இல்லை.

அதற்குள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. கருகின ரப்பர் வாசனை. கம்ப்ரஸர் ஓடி ஓடிச் சூடாகி, முக்கி, ஒரேயடியாக நின்றது. நின்றதும் பின் இடது மூலை தொப்பென்று உட்கார்ந்தது. அந்த வேகத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. வண்டியை ஓரங்கட்டினான்.

ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த இடம் இதுதான்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டான். சோப்புத் தண்ணீர் பாட்டில் எப்போதும் அவனிடம் இருக்கும், எடுத்து அடித்தான். நுரை இல்லை. இணைப்பில் அடித்தான். நுரை இல்லை. சலித்துப் போய், கடைசியில்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். சக்கரத்துக்கு மேல் கையை விட்டு, காற்றுப் பையை உள்ளங்கையால் அமுக்கினான்.

கல்லு மாதிரி இருந்தது.

கவனியுங்கள். காற்று கசிந்து மூலை தாழ்ந்தால் பை தொளதொளவென்று இருக்கும். விரலால் அமுக்கினால் உள்ளே போகும். இதில் விரல் போகவில்லை. பை நிறையக் காற்று இருக்கிறது, விண்ணென்று இருக்கிறது, அப்படியும் மூலை தூக்க முடியாமல் தரையில் கிடக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான். கசிவு இல்லை. கம்ப்ரஸர் நல்ல கம்ப்ரஸர். அந்த மூலையில் அது தூக்க முடியாத பாரம் இருக்கிறது.

அவன் எழுந்தான். பேண்ட்டில் ஒட்டின மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"புள்ளையத் தூக்கிட்டு ஒரு நிமிஷம் வெளிய வாயேன்" என்றான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பக் கஷ்டப்பட்டான். அவள் முணுமுணுத்துக்கொண்டே வலது பக்கக் கதவு வழியாக வந்தாள். வலது மூலை லேசாகத் தூக்கிக்கொண்டது. ப்ஸ்ஸ்... ஒழுங்கான வண்டி செய்கிற மாதிரியே செய்தது. இடது மூலை அசையவில்லை. இப்போது வண்டிக்குள் ஒருவரும் இல்லை. ஒரு துணிப்பை மட்டும் இருக்கிறது. மூன்று மாதக் குழந்தையின் துணி என்ன கனம் இருக்கும்?

தள்ளிப் போய் நின்று டாக்டருக்குப் போன் போட்டான்.

"டாக்டர், ட்ரையல்ல இருக்கேன். பின்னாடி லெஃப்ட் மறுபடி உக்காந்துடுச்சு."

"உக்காந்துடுச்சா..." என்றார் டாக்டர். தூக்கத்திலிருந்து எழுந்தவர் குரல் மாதிரி இல்லை. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே தம்பி. வண்டியில காத்து எறங்க மாட்டேங்குதுன்னு. நீங்கதான் சிரிச்சீங்க."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, டாக்டர் எந்தக் காத்தைச் சொன்னார் என்று. டயருக்கு அடிக்கிற காத்து இல்லை. குழந்தைகளை இருட்டில் வெளியே விடாதே, காத்து கருப்பு அண்டும் என்பார்களே... அந்தக் காத்து. திரும்பி வண்டியின் பின் சீட்டைப் பார்த்தான்.

"கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"...சம்சாரம். கைக்குழந்தை."

நீளமாக ஒரு மூச்சு.

"தனியாத்தானேன்னு கேட்டேனே தம்பி... சரி, கேளுங்க. வீட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்தாதீங்க. நாங்க ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்துதான் வருவோம். வாயத் தொறக்காம வருவோம். அது தானா எறங்காது. யாராவது..."

லைன் அறுந்தது. திரும்பப் போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். சிக்னல் இல்லை.

"என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே.

"காத்து லீக்காம்" என்றான். வேறு என்ன சொல்வது? நட்டநடுச் சாலை. இருட்டு. கையில் குழந்தை. பக்கத்தில் ஒரு குடிசைகூடக் கிடையாது. அவளை முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். கம்ப்ரஸர் ஆறுகிற வரைக்கும் காத்திருந்து வண்டியைக் கிளப்பினான்.

அந்த மிச்சத் தூரத்தை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே ஞாபகமில்லையாம். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. மேலே திருப்பிவிட்டுவிட்டான். சத்தம் கேட்கக் கூடாதென்று வாய் ஓயாமல் பேசினான். குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்றெல்லாம் பேசினான். மூன்று மாதக் குழந்தைக்கு! அவள்கூட ஒரு தடவை சிரித்துவிட்டாள். பின்னால் சீட்டின் ரெக்ஸின் மட்டும் அவ்வப்போது முனகியது. நாம் உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் அசைந்து, வாகாகச் சாய்ந்துகொள்ளும்போது முனகுமே, அப்படி.

ஊர் வந்தது. தெருவிளக்கு வந்தது. தூறலும் வந்தது. வீட்டுக்கு இரண்டு தெரு முன்னாலேயே வண்டியை நிறுத்தினான்.

"இங்கேருந்து நடந்துடலாம்."

அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை வாசலில் காத்திருந்து ஏமாந்தவளின் பார்வை.

"தூறுது. கையில புள்ள இருக்கு. வாசல் வரைக்கும் போனா என்ன?"

"இல்ல... வண்டில கொஞ்சம்..."

"யாரும் பாத்துடக் கூடாதா? யாரையும் கேக்காம எடுத்துட்டு வந்தீங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"அப்ப என்னன்னு சொல்லுங்க."

சொல்ல வாயெடுத்தான். என்னவென்று சொல்வான்? உன் பக்கத்தில், உன் குழந்தைக்குப் பக்கத்தில், இவ்வளவு நேரம் ஒன்று உட்கார்ந்து வந்தது, இதோ இப்போதும் உட்கார்ந்திருக்கிறது என்றா? தெரிந்தே கூட்டி வந்தீர்களா என்று கேட்பாளே. அவன் வைப்பரைப் போட்டான். அவன் பேசாமல் இருந்தாலே அவளுக்கு ஒரு அர்த்தம்தான்.

"வண்டியத் திருப்புங்க" என்றாள், நிதானமாக. "நான் அம்மா வீட்டுக்கே போறேன்."

திரும்ப அதே சாலை. அதே இருட்டு. பின்னால் அதே பாரம். இந்தத் தடவை போனால் அவள் திரும்பி வரவும் மாட்டாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வரும், ஆனால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் வண்டியைக் கிளப்பி, இரண்டு தெருவையும் தாண்டி, நேராக வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டறையில் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்வார்கள். அந்த மாதிரி வண்டிகளில் உடம்பைத் தாழ்த்துவதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை அமுக்கினால் பைகளிலிருந்து காற்றை விட்டு வண்டி கீழே வரும். அமுக்கும்போதெல்லாம் இவன் மாட்டை ஓட்டுகிற மாதிரி வண்டியோடு பேசுவான். எத்தனையோ வருஷப் பழக்கம். அது வாய்க்குத் தெரியும், மூளையைக் கேட்காது.

வண்டி உயரம். கையில் குழந்தையோடு அவள் கால் வைக்கக் கஷ்டப்படுவாளே என்று ஸ்விட்சை அமுக்கினான்.

"எறங்கு... எறங்கு... வீடு வந்தாச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது.

"எறங்கறேன், அவசரப்படுத்தாதீங்க" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பின்னால் ரெக்ஸின் முனகியது. வண்டி ஒரு தடவை ஆடியது. கதவு எதுவும் திறக்கவில்லை... ஆனால் பின் இடது மூலை துள்ளி மேலே எழுந்தது. ரொம்ப நாளாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்த மாதிரி எழுந்தது. அப்புறம் அந்தப் பையிலிருந்து, நீளமாக... ப்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

மஞ்சள் விளக்கு அணைந்தது. வாசனை போய்விட்டது. நாலு மூலையும் மட்டம் பிடித்த மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. கேட்டால் சிரிப்பீர்கள், அந்த ஒரு நொடியில் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்ததாம். சரியாயிடுச்சு என்று நினைத்தானாம். மெக்கானிக் புத்தி!

தெருவில் யாரும் இல்லை. தூறல் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு முதலில் அவன் உள்ளே போனான். எல்லா அறையிலும் விளக்கைப் போட்டான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான். குளியலறையைத் திறந்து பார்த்தான். உள் அறையில் குழந்தைக்காக அவன் ஸ்பிரிங் போட்டுக் கட்டி வைத்திருந்த துணித் தொட்டில், கூரைக் கொக்கியிலிருந்து இடுப்பு உயரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"யாரைத் தேடறீங்க?" என்று கேட்டபடி அவள் உள்ளே வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தரை பெருக்கியிருந்தது, பாத்திரம் கழுவியிருந்தது. அவள் முகம் இளகியது.

"பரவாயில்லையே" என்றாள்.

அவள் முன் அறையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக அவன் எதற்கு ஏங்கினானோ அது இதோ கண்ணுக்கு முன்னால். நடந்ததெல்லாம் நம் பயம்தான், பழைய வண்டி, ஆயிரம் கோளாறு இருக்கும் என்று அவன் மனசு அவனைச் சமாதானப்படுத்தியது. கிட்டத்தட்ட நம்பியும்விட்டான்.

"தூங்கிட்டா" என்றாள் அவள் மெதுவாக. "தொட்டில் கட்டியிருக்கீங்க போல? ஸ்பிரிங் தாங்குமான்னு ஒரு தடவ பாத்துடுங்க."

அவன் உள் அறைக்குப் போனான்.

இதற்கு மேல் மச்சான் வாயிலிருந்து ரொம்ப வரவில்லை என்றார் எலக்ட்ரீசியன். வந்த வரைக்கும் சொல்கிறேன்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இடுப்பு உயரத்தில் தொங்கிய தொட்டில் இப்போது தரைக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது. ஸ்பிரிங் முழுசாக இழுபட்டு, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் விரலை விடலாம் போல் விலகியிருந்தது. எந்தக் குழந்தையும் அதை அவ்வளவு இழுக்க முடியாது. துணி கனத்துப் புடைத்து, உள்ளே ஒரு ஆள் முட்டியை மடக்கிப் படுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மெதுவாக ஆடியது. துணியின் விளிம்பு விரிந்துதான் இருந்தது. உள்ளே வெறும் துணியின் அடிப்பாகம் தெரிந்தது. பால் புளித்த வாசனை.

அவன் ஓசைப்படாமல் பின்னாலேயே நடந்து அறையை விட்டு வெளியே வந்தான். அறைக் கதவுக்கு வெளியே மனைவி, தோளில் தூங்குகிற குழந்தையோடு நின்றிருந்தாள். அவள் உள்ளே பார்க்காதபடி கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறைத்துக்கொண்டான்.

"தள்ளுங்க, புள்ளையப் போடணும்."

"கிளம்பு" என்றான். "உன்னை அம்மா வீட்லயே விட்டுடறேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

அவன் அவளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பக் கையை நீட்டினான். அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், அறைக்குள், ஸ்பிரிங் கிரீச்சென்று சுருங்கி மேலே போகிற சத்தம் கேட்டது.